கட்டி அழுத பிறகு

அம்மாக்கண்ணு செத்தது மல்லாட்டைக் கொல்லையில்.

கத்திரி வெயிலுக்குப் பயந்து கருக்கலிலேயே இறங்கியிருந்தார்கள். முந்தின நாள் சாயந்திரம் தண்ணீர் கட்டிய நிலம். அந்த ஈரம் இருக்கும்போதே பிடுங்கிவிட வேண்டும். வெயில் ஏறி மண் இறுகினால் செடி மட்டும் கையோடு வரும், வேர்க்கடலைக் காயெல்லாம் உள்ளேயே நின்றுவிடும். சிங்கவரத்துப் பொம்பளைகள் வரிசை கட்டிக் குனிந்து, செடியின் தூரைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டி இழுத்து, மண்ணை உதறிப் பின்னால் போட்டுக்கொண்டே போனார்கள். அம்மாக்கண்ணு மகள் பவுனம்மாளுக்குப் பக்கத்து வரிசையில் இருந்தாள். ஒரு செடியைப் பிடித்தவள் இழுக்கவில்லை. பிடித்தபடியே முழங்கால் மடங்கி, நெற்றி மண்ணில் படக் குப்புறக் கவிழ்ந்தாள்.

"இன்னாம்மா, தூக்கமா" என்று பவுனம்மாள் நிமிராமலே கேட்டாள்.

கூலிக்கு ஆள் கூட்டி வந்த மரியசெல்விதான் ஓடிவந்து புரட்டிப் போட்டாள். வாயோரம் மண் ஒட்டியிருந்தது. மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத் தலைத்துணியை அவிழ்த்து அம்மாக்கண்ணுவின் முகத்தைத் துடைத்தாள். "பவுனு, உங்கம்மா போயிட்டா" என்றாள். அவள் எதையும் சுற்றி வளைத்துச் சொல்கிறவள் இல்லை.

கொல்லைக்காரர் டிராக்டர் கொடுத்தார். காய் ஏற்ற வைத்திருந்த சாக்கை விரித்து அதன்மேல் கிடத்தினார்கள். டிராக்டர் கிளம்பும்போது, "மத்தவங்கள்லாம் பாதியில வுட்டுட்டுப் போயிடாதீங்கம்மா, ஈரம் காஞ்சிடும்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஈரம் காயத்தான் செய்யும். மரியசெல்வி பாதிப் பேரைக் கொல்லையில் விட்டு, மீதிப் பேரோடு டிராக்டரில் ஏறினாள்.

பவுனம்மாள் அம்மாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அழுகை வரவில்லை. அம்மாவின் விரல்கள் இன்னும் செடியைப் பிடித்த மாதிரியே மடங்கியிருந்தன. அதை ஒவ்வொன்றாக நீவி நிமிர்த்திக்கொண்டே வந்தாள்.

பவுனம்மாள் தாய் வீட்டுக்குத் திரும்பி வந்து ஆறு வருஷம். அவளை வல்லத்தில் விநாயகத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஜேசிபி ஓட்டுகிறவன். குழந்தை தங்கவில்லை. ரெண்டு முறை கலைந்தது. கடைசியில் ரத்தப்போக்கு நிற்காமல் கர்ப்பப்பையையே எடுத்துவிட்டார்கள். எழுந்து நடக்க முடியாமல் கிடந்தவளுக்குச் சோறாக்கிப் போட, தங்கச்சி கலைவாணியை அனுப்பினாள் அம்மாக்கண்ணு. கலைவாணி நன்றாகத்தான் ஆக்கிப் போட்டாள். பவுனம்மாள் எழுந்து நடக்க ஆரம்பித்தபோது கலைவாணிக்கு மசக்கை.

சொந்தக்காரர்கள் கூடிப் பேசினார்கள். அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்துவிட்டால் வெளியில் தெரியாது என்றார்கள். எவளோ ஒருத்தி வருவதற்கு இது மேல் என்றார்கள். பவுனம்மாள் தன் துணிகளை ஒரு உரச் சாக்கில் திணித்துக்கொண்டு பஸ் ஏறினாள். அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவ இந்த ஊட்டுக்கு வரக்கூடாது. நீயும் அவ ஊட்டுக்குப் போவக்கூடாது. அப்படின்னா இருக்கேன். இல்லன்னா இப்பவே சொல்லிடு, வேற எங்கனா போயிடுறேன்."

அம்மாக்கண்ணு உள்ளங்கையில் சூடம் கொளுத்திச் சத்தியம் பண்ணினாள். கை வெந்து பொத்துப்போனது. அந்தச் சத்தியத்தின்மேல்தான் பவுனம்மாள் இத்தனை நாள் அந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டாள். அவளுக்கென்று வேறு இடம் கிடையாது.

வாசலில் சாமியானா போட்டு, பெஞ்சு போட்டு அம்மாக்கண்ணுவைக் கிடத்தினார்கள். பையன் இளவரசன் சென்னையிலிருந்து பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தது. இந்த வெயிலில் நாளை வரை வைக்க முடியாது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்றான் தாய்மாமன் பாவாடை. மேளம் வந்தது. செஞ்சிக் கோட்டை மலைப் பாறையில் அடித்த வெயில் அப்படியே தெருவில் இறங்கியது. அப்பன் தாண்டவராயன் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தான்.

பொம்பளைகள் தலையை விரித்துப்போட்டுக்கொண்டு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அந்தப் பக்கத்தில் சாவு கேட்க வருகிற பொம்பளை நேராகச் செத்தவளின் மகளிடம் வந்து எதிரே உட்காருவாள். தோளில் கை போட்டுக் கட்டிக்கொள்வாள். ரெண்டு பேரும் தலையோடு தலை முட்டி, கவிழ்ந்து ஆடி ஆடிப் பாட்டுச் சொல்லி அழுவார்கள். ஒருத்தி எழுந்தால் அடுத்தவள் உட்காருவாள். மகள் யார் எவரென்று முகம் பார்ப்பதில்லை. எந்தத் தோள் வந்தாலும் பிடித்துக்கொண்டு அழ வேண்டும். இதில் இன்னொன்றும் உண்டு. பேச்சுவார்த்தை அற்றுப்போன ரெண்டு பேர் சாவில் கட்டி அழுதுவிட்டால் பகை முடிந்தது என்று கணக்கு. அதற்கப்புறம் பேசமாட்டேன் என்று சொன்னால் செத்தவளையே அவமானப்படுத்தினதாக ஊர் பேசும். அதனால் பகை உள்ளவர்கள் எட்ட நின்று மூக்கைச் சிந்திவிட்டுப் போய்விடுவார்கள்.

முதல் தோள் விழுந்ததுமே பவுனம்மாளுக்கு அழுகை உடைத்துக்கொண்டு வந்தது. அப்புறம் நிற்கவில்லை. பெரியம்மா வழி, அத்தை வழி, கொல்லை வேலைக்காரிகள் என்று தோள் மாறிக்கொண்டே இருந்தது. வேர்வையும் தலையெண்ணெயும் வெற்றிலையும் கலந்த வாடை. மயிர் முகத்தில் விழுந்து கண்ணை மறைத்தது. தொண்டை கம்மிப்போனது. கொல்லை வேலைக்காரி விமலா எழுந்து போன இடத்தில் இன்னொருத்தி வந்து உட்கார்ந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தாள். மற்றவர்கள் எல்லாம் முறைக்குக் கட்டிக்கொண்டார்கள், இவள் இறுக்கினாள். முதுகெலும்பு வலிக்கிற மாதிரி இறுக்கினாள். பவுனம்மாளுக்கு அது வேண்டியிருந்தது. அவளும் இறுக்கிக்கொண்டு, மனசில் இருந்ததையெல்லாம் பாட்டாக அம்மாவிடம் எடுத்து வைத்தாள்.

*பந்தியில நான் குந்த – எம்மாவே
பாதி எலையில எழுப்பிட்டா
பாலுஞ்சோறு ஊட்டுனேனே – எம்மாவே
பாயச் சுருட்டிப் போயிட்டாளே*

எதிரே இருந்தவளின் உடம்பு குலுங்கியது. அவளும் கம்மிப்போன குரலில் பதில் எடுத்தாள்.

*எலையில எழுப்புனவ – எம்மாவே
எச்சியாட்டம் நிக்குறேனே
ஏசுறவ ஏசட்டும் – எம்மாவே
ஏந்திக்கத் தோளில்லையே*

பவுனம்மாளின் ஆட்டம் நின்றது. கைகள் மட்டும் அப்படியே இருந்தன. மெதுவாகத் தலையை எடுத்துப் பார்த்தாள். கலைவாணி. கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, ஆள் பாதியாக இருந்தாள்.

பவுனம்மாள் சுட்ட சட்டியை விடுகிற மாதிரிக் கைகளை உதறினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், கால் மரத்துப்போய் எழ முடியவில்லை. பின்னாலிருந்து பாவாடையின் குரல் வந்தது.

"அவ்ளோதாம்மா. முடிஞ்சிபோச்சு. ஊரே பாத்துது. பெத்தவ பொணத்து முன்னால அக்கா தங்கச்சி கட்டி அழுதுட்டீங்க. இனிமே பழச யாரும் எடுக்கக்கூடாது."

"நான் யாருன்னு பாக்கல மாமா."

"யாருதான் பாக்குறா."

"பாத்திருந்தா தொட்டிருக்க மாட்டேன்."

"தொட்டாச்சில்ல," என்றான் பாவாடை. "டேய் விநாயகம், இன்னாடா தெருவுல நிக்குற. உள்ள வா. மாமியாளுக்கு மாலைய போடு."

வேப்பமரத்தடியில் பைக்கோடு நின்றிருந்த விநாயகம் மாலையை எடுத்துக்கொண்டு வந்தான். பவுனம்மாளை ஒரு தரம் பார்த்தான். பார்வையில் வெட்கமும் இல்லை, திமிரும் இல்லை. பஸ்ஸில் இடம் கிடைத்தவனின் முகம் மாதிரி இருந்தது. மாலையைப் போட்டுவிட்டு, ஆம்பளைகள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டான். யாரோ அவனுக்கு டீ கொடுத்தார்கள்.

அவன் பின்னாலேயே ஒரு பெண் குழந்தை வந்தது. அஞ்சு வயசு இருக்கும். தனுஸ்ரீ என்று பேர். கூட்டத்தைப் பார்த்து அது மிரளவில்லை. நேராகப் பெஞ்சுக்குப் போனது. அம்மாக்கண்ணுவின் புடவையைப் பிடித்து முந்தானைத் தலைப்பைத் தேடியது. பிறந்த வீட்டுக் கோடியென்று பாவாடை கொண்டுவந்து போர்த்திய புதுப்புடவை அது. குழந்தை தலைப்பை எடுத்து விரலால் தடவித் தடவிப் பார்த்தது.

"ஆயா, முடிச்சு எங்க? மல்லாட்ட எங்க? ஆயா, இந்த வாட்டி எடுத்தினு வரல?"

மேளக்காரர்கள் அப்போதுதான் டீ குடிக்க நிறுத்தியிருந்தார்கள். அதனால் எல்லோருக்கும் கேட்டது.

பவுனம்மாள் குழந்தையைப் பார்த்தாள். அப்புறம் கலைவாணியைப் பார்த்தாள்.

"எங்கம்மா முந்தானையில மல்லாட்ட முடிஞ்சினு வருவான்னு இதுக்கு எப்படித் தெரியும்?"

கலைவாணி குழந்தையின் கையிலிருந்து புடவைத் தலைப்பை விடுவிக்கப் பார்த்தாள்.

"உன்னத்தாண்டி கேக்குறேன்."

"அக்கா, இப்ப வேணாங்க்கா. எடுத்துட்டு அப்புறம் பேசிக்கலாம்."

"எத்தினி நாளா வந்துனு இருந்தா?"

"கொழந்த பொறந்ததுலேருந்து," என்றாள் கலைவாணி தரையைப் பார்த்து. "பிரசவத்துக்கே அதுதான் வந்துது. அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை வரும். ராத்திரி தங்கிட்டு வெடிஞ்சதும் போயிடும்."

அமாவாசை. அம்மாக்கண்ணு ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிறவள். உனக்காகத்தான் வேண்டிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவாள். மறுநாள் காலையில் எலுமிச்சம்பழமும் குங்குமமும் கொண்டுவருவாள். அந்தக் குங்குமத்தைப் பவுனம்மாள் தினமும் நெற்றியில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போவாள். அமாவாசை ராத்திரியில் அம்மா கூட்டத்தில் நசுங்கி நிற்பாளே, கால் வலிக்குமே என்று நினைத்துக்கொண்டு படுப்பாள்.

அவள் எழுந்து அப்பனிடம் போனாள். தாண்டவராயன் நாற்காலியில் நெளிந்தான்.

"நைனா, உனக்கும் தெரியுமா?"

"சாவு ஊட்ல இன்னா கேள்வி இதெல்லாம்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். நான்தான் பஸ் ஏத்தி வுடுவேன். இன்னா பண்ணச் சொல்ற? பெத்த மனசு. பேத்திய பாக்காம இருன்னா இருக்குமா? உனக்குப் புள்ள இருந்தா தெரிஞ்சிருக்கும்."

"மலையனூர் குங்குமம்?"

"செஞ்சி பஸ் ஸ்டாண்டுல விக்குது," என்றான் தாண்டவராயன். கொஞ்சம் யோசித்து, "குங்குமம் குங்குமந்தான்" என்று சேர்த்துக்கொண்டான்.

இளவரசன் வந்து இறங்கியதும் காரியங்கள் வேகமாக நடந்தன. தண்ணீர் ஊற்றினார்கள். வாய்க்கரிசி போட்டார்கள். பவுனம்மாளின் முறை வந்தபோது அரிசியைக் கையில் வாங்கி அம்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்கினார்கள். "போடும்மா, நேரமாவுது" என்றார்கள். போட்டாள். பாடை எழுந்தபோது முன்பக்கம் இளவரசனும் பாவாடையும் தோள் கொடுத்தார்கள். பின்பக்கம் ஒரு கொம்பை விநாயகம் பிடித்தான். வெடிச் சத்தம் தெருமுனை திரும்பிக் கேட்காமல் போயிற்று.

பொம்பளைகள் மினி டேங்க் குழாயடிக்குத் தலை முழுகப் போனார்கள். தொட்டித் தண்ணீர் கொதித்தது. பவுனம்மாள் கடைசி ஆளாக நின்றாள். மரியசெல்வி குடத்தில் பிடித்து அவள் தலையில் ஊற்றினாள்.

"உன் தங்கச்சிய உன் பக்கத்துல குந்த வெச்சது உங்க மாமன்தான்," என்றாள் மரியசெல்வி. "விமலா எழுந்திருக்கட்டும்னு கைய காட்டி நிறுத்தி வெச்சிருந்தான். நான் பாத்துனுதான் இருந்தேன்."

பவுனம்மாள் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் பார்த்தாள். "பாத்துனு இருந்தியா? ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல?"

"நான் இன்னா உனக்குச் சொந்தமா? சாவு ஊட்ல மூணாம் மனுஷி வாயத் தொறந்தா இன்னா சொல்லுவாங்க? கூலிக்கு ஆள் கூட்டினு போறவளுக்கு இங்க இன்னா வேலன்னு கேப்பான் உன் மாமன்."

"மூணாம் மனுஷிதான் நீ."

"ஆமா."

"அமாவாசை விஷயமும் உனக்குத் தெரியுமா?"

மரியசெல்வி இன்னொரு குடம் ஊற்றினாள். "அது தெரியாது. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன். சாவு ஊட்லதான் வாயக் கட்டிக்கணும். கொல்லையில இல்ல."

பவுனம்மாளுக்கு அந்த ஒரு பதிலில் மட்டும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

சுடுகாட்டுக்குப் போனவர்கள் திரும்பி வந்து குளித்து உட்கார்ந்தபோது பொழுது இறங்கியிருந்தது. பிணம் கிடந்த இடத்தில் மெழுகி அகல் ஏற்றி வைத்திருந்தார்கள். சம்பந்தி வீட்டிலிருந்து சோறும் சாம்பாரும் அண்டாவில் வந்தன. சம்பந்தி வீடு என்றால் வல்லத்து வீடு. விநாயகத்தின் வீடு. கலைவாணி முந்தானையைச் செருகிக்கொண்டு அப்பனுக்கும் அண்ணனுக்கும் இலை போட்டாள். சொம்பு எங்கே, உப்பு எங்கே என்று யாரையும் கேட்காமலே எடுத்தாள். அவள் பிறந்து வளர்ந்த வீடு.

சாப்பிட்டுக்கொண்டே பாவாடை பேசினான். "கருமாதி வரைக்கும் கலைவாணி இங்கயே இருக்கட்டும். அதுக்கப்புறமும் உங்க நைனாவுக்கு ஆக்கிப் போட ஆள் வேணும். விநாயகமும் வந்து போவட்டும். கொழந்த இங்கயே ஸ்கூலு சேந்துக்கும்."

"எனக்கு இன்னா மாமா?" என்றாள் பவுனம்மாள். அவள் இலை முன்னால் உட்காரவில்லை, கதவோரம் நின்றிருந்தாள்.

"உனக்கு இன்னா? நீயும் இரு. யாரு போவச் சொன்னா?"

"எங்க படுக்குறது? ஊடு ஒரு ரூம்பு."

"நீ ஒண்டியாளு. எங்க வேணா படுத்துக்கலாம்," என்றான் தாண்டவராயன். சாம்பார் கேட்டுக் கையைக் காட்டினான்.

இளவரசன் தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். "அக்கா, நான் ரெண்டு நாள்ல போயிடுவேன். நைனாவ யாரு பாக்குறது? நீ காலையில போனா பொழுது சாஞ்சிதான் வர. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றான். அவன் நல்லவன்தான். நல்லவனாக இருப்பது அவனுக்கு அத்தோடு முடிந்துவிட்டது.

கலைவாணி ஒரு தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து நீட்டினாள். "அக்கா, காலையிலேருந்து ஒண்ணும் சாப்புடல. என் மேல கோவத்த சோத்து மேல காட்டாத."

"நீ ஆக்கிப் போட்டத நான் ஒருவாட்டி சாப்ட்டாச்சு," என்றாள் பவுனம்மாள்.

கலைவாணி தட்டைப் பின்னுக்கு இழுத்ததில் பருக்கைகள் சிந்தின. அவள் குரல் இறங்கியது. "அம்மா அங்க வரப்பல்லாம் உன்னப் பத்திதான் பேசும்க்கா. பவுனு தனியா கெடக்குறா, பவுனு எளச்சிட்டான்னு. நான் அந்த ஊட்ல இன்னா வாழுறேன்னு அது சொல்லுச்சா உன்கிட்ட? அவன் குடிச்சிட்டு வந்து உன் பேரச் சொல்லித்தான் என்ன அடிக்கிறான். உன்னாலதான் அவ போனான்னு."

"அடிச்சா வாங்கிக்கோ."

இதைச் சொன்னபோது பவுனம்மாளின் குரலில் ஆத்திரம்கூட இல்லை. கலைவாணி தட்டோடு திரும்பிப் போனாள்.

பவுனம்மாள் உள்ளே போய்த் துணிகளை எடுத்து ஒரு பழைய புடவையில் மூட்டை கட்டினாள். மரியசெல்வியின் வீட்டுப் பின்னால் உர மூட்டை போட்டு வைக்கிற ஒரு அறை இருந்தது. அங்கே படுத்துக்கொள் என்று குழாயடியில் சொல்லியிருந்தாள். சும்மா இல்லை, அவளுடைய மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும், சாணி அள்ள வேண்டும். அதையும் அப்போதே சொல்லியிருந்தாள். சாவுத் தீட்டோடு எவனும் தன் கொல்லையில் இறங்கவிட மாட்டான், பதினாறு நாளும் மாட்டைப் பார்த்துக்கொண்டு கிட என்றும் சொல்லியிருந்தாள்.

மூட்டையோடு வாசலுக்கு வந்தபோது குழந்தை படலுக்குப் பக்கத்தில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று முழுக்க அது எல்லோரிடமும் ஆயாவைக் கேட்டிருந்தது. கடைக்குப் போயிருக்கிறாள் என்று இளவரசன் சொன்னான். ஊசி போடப் போயிருக்கிறாள், வந்துவிடுவாள் என்று பாவாடை சொன்னான். காலையில் வருவாள், தூங்கு என்று கலைவாணி சொன்னாள்.

"நீ எங்க போற?" என்று குழந்தை பவுனம்மாளைக் கேட்டது. "ஆயாவ இட்டுனு வரவா?"

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஒரு வார்த்தைதான். பவுனம்மாள் மூட்டையைக் கீழே வைத்தாள். குழந்தைக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். அதன் முகத்தை அப்போதுதான் கிட்டத்தில் பார்த்தாள். விநாயகத்தின் மூக்கு. மேல் உதடு அம்மாக்கண்ணு மாதிரி.

"ஆயா வரமாட்டா," என்றாள்.

"ஏன்?"

"செத்துட்டா. சுடுகாட்டுல வெச்சிக் கொளுத்திட்டாங்க. இனிமே எப்பவும் வரமாட்டா. உங்க ஊட்டுக்கும் வரமாட்டா, இந்த ஊட்டுக்கும் வரமாட்டா. கடைக்குப் போயிருக்கா, காலையில வந்துடுவான்னு எவனா சொன்னான்னா நம்பாத. பொய்யி."

குழந்தை அவளையே பார்த்தது. வாய் கோணிக்கொண்டது.  அப்புறம் வந்த அலறலில் தெருநாய்கள் குரைத்தன. அது பவுனம்மாளின் முகத்தில் அறைந்தது. கழுத்தில் பிறாண்டியது. பவுனம்மாள் கையைத் தடுக்கவில்லை. அடித்து ஓய்ந்ததும் அது அவள் முழங்காலிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டு, புடவையை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதது. ஆயா ஆயா என்று மூச்சு விடாமல் அழுதது. காலையிலிருந்து அந்த வாசலில் எத்தனையோ பேர் அழுதிருந்தார்கள். ஆனால் இப்படி யாரும் அழவில்லை.

இலையில் இருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளயாடி?" என்றான் பாவாடை. "பச்சக் கொழந்தகிட்ட பேசுற பேச்சா இது?"

"அதான் ஆண்டவன் இவளுக்கு ஒண்ணு குடுக்கல," என்றான் தாண்டவராயன்.

 கலைவாணி வந்து குழந்தையைப் பிடித்து இழுத்தாள். அது வரவில்லை. அவள் இழுக்க இழுக்கப் புடவையைப் பிடித்த பிடி இறுகியது.

"வுடு," என்றாள் பவுனம்மாள். "அழுது முடிக்கட்டும்."

கலைவாணி கையை எடுத்துக்கொண்டாள்.

பவுனம்மாள் குழந்தையின் தலையைத் தடவவில்லை. முதுகில் கை வைக்கவில்லை. அவள் கைகள் ரெண்டும் பக்கத்தில் மண்ணில் ஊன்றியிருந்தன. அதைத் தள்ளவும் இல்லை. குத்துக்காலிட்ட கால் கடுத்தது, மாற்றி வைக்கவில்லை. தெருவில் மரியசெல்வி வந்து நின்றாள். என்ன ஏது என்று கேட்காமல் கீழே கிடந்த மூட்டையை எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சாகிக் குழந்தை அப்படியே தூங்கிப்போனது. பவுனம்மாள் புடவையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி எடுத்தாள். சின்ன விரல்கள், ஆனால் சுலபத்தில் வரவில்லை. குழந்தையைத் தூக்கிக் கலைவாணியின் கையில் கொடுத்தாள். கொடுக்கும்போது கலைவாணியின் கையில் தன் கை படாமல் பார்த்துக்கொண்டாள்.

"காலையில எழுந்தா மறுபடியும் கேக்கும்," என்றாள். "உள்ளதச் சொல்லு."

படலைத் திறந்து வெளியே போனாள்.